சிற்றரங்குக்கு இடம் கொடுத்தவர்கள்

முந்தல் களப்பை ஒட்டிய ஒரு தென்னந்தோட்டத்தில், கொப்பரா காயவைக்கும் கொட்டிலொன்றில், 1992இல் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். போட்டது நாலே நாலு தரம். ஒவ்வொரு தரமும் வந்து பார்த்தவர்கள் அறுபது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். அதற்கு மேல் இருக்க இடமும் இல்லை. சிரட்டைப் புகை படிந்து கறுத்துப்போன சுவர், தலைக்கு மேலே கிடுகு, ஒரு மூலையில் பெற்றோமக்ஸ். முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த சிறுவர்களின் கால் நடிகர்களின் காலில் இடிபடும்.

நடித்தவர்கள் இருவர். இருவருமே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் பகுதி முகாம்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். யாழ்ப்பாணத்துப் பாடசாலை நாடகப் பழக்கம் அவர்களிடம் இருந்தது. எங்களிடம் கொட்டில் இருந்தது. ஒருவர் கையில் ஒரு வீட்டுச் சாவி. மற்றவர், அது எந்தக் கதவின் சாவி, கதவு என்ன மரம், நிலை எவ்வளவு உயரம், வாசலில் என்ன மரம் நின்றது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவ்வளவுதான் நாடகம். முக்கால் மணித்தியாலம் போகும். முதல் நாள், கதவில் எழுதிய பெயர் இதற்குள் அழிந்திருக்குமா என்ற கேள்வி வந்தபோது பின்னாலிருந்த ஒரு முதியவர் எழும்பி, "அழியாது மகன், நான் பெயின்ற்றால எழுதினது" என்றார். நடிகர்கள் இருவரும் அவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து அந்த வசனம் நாடகத்திலேயே சேர்ந்துகொண்டது.

ஐந்தாம் தரத்துக்கு நாள் குறித்திருந்த வேளையில் கொட்டில் போய்விட்டது. அந்தக் காலம் களப்பைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகிய காலம். தீவன மூட்டை அடுக்க இடம் தேடி அலைந்தவர்கள் நல்ல வாடகை கொடுத்தார்கள். தோட்டக்காரர் எங்களிடம் ஒரு சதமும் வாங்கியவரல்லர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அன்று விட்ட நாடகத்தை நாங்கள் பிறகு எடுக்கவேயில்லை.

நாடக வரலாறு எழுதுவோர் எழுத்துருவைப் பற்றி எழுதுவார்கள். நெறியாள்கையைப் பற்றி, நடிப்பைப் பற்றி எழுதுவார்கள். இடம் யாருடையது, மின்சாரக் கட்டணம் யார் கட்டினார், சாவி யார் மடியில் இருந்தது என்பதை அடிக்குறிப்பில்கூட வைக்கமாட்டார்கள். இலாப நோக்கின்றி நடந்த சிற்றரங்குகளைப் பொறுத்தமட்டில் இதுதான் முதற் கேள்வி என்பது என் துணிபு. ஐம்பது பேரோ இருநூறு பேரோ இருந்து, நடிகனின் மூச்சுக் கேட்கிற தூரத்தில் பார்க்கும் அரங்கு ரிக்கற் காசில் பிழைக்க முடியாது. கணக்குப் போட்டாலே தெரியும். யாரோ ஒருவர் இடம் கொடுத்தால்தான் அது உண்டு. அந்த யாரோ யார் என்பதைத் தேடிப்போனபோது நான் எதிர்பாராத சில வீடுகளுக்குள் போக நேர்ந்தது. அவற்றுட் பல நமது வீடுகள்.

முதலில் பக்கத்து ஊர். எங்களிடமிருந்து அதிக தூரமில்லாத உடப்பில், திரௌபதை அம்மன் கோயிலில் ஆடி மாதம் தீமிதிப்பு நடக்கும். அதற்கு முந்திய நாட்களில் பாரதக் கதை படிக்கப்படும்; கதையின் பாத்திரங்களை ஏற்று ஆட்கள் சடங்குகளில் வருவார்கள். சின்ன வயதில் வாப்பாவுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அங்கே நாடகத்துக்கு இடம் தேட வேண்டியதில்லை. நிலம் கோயிலுடையது, நாள் பஞ்சாங்கத்திலே இருக்கிறது, செலவு ஊருடையது. கரையோரமாகத் தெற்கே நீர்கொழும்புக்குப் போனால் துவாவில் பாஸ்கு. அதற்குத் தேவாலயம் இருக்கிறது. நமக்கோ பள்ளிவாசல் நாடகத்துக்குரிய இடமல்ல. அப்படி ஆக வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். அலிபாதுஷா நாடகம், அப்பாஸ் நாடகம், தையார் சுல்தான் நாடகம், லால் கௌஹர் நாடகம் என்று முஸ்லிம் தமிழில் நாடக நூல்கள் இருக்கவே செய்தன. எழுதப் புலவர் இருந்தார், பார்க்கச் சனம் இருந்தது. ஆண்டுதோறும் அதை ஏற்றுப் பிடிக்க ஒரு நிறுவனம் இருக்கவில்லை. கூத்துக்குக் கோயில் இருந்ததுபோல நமது நாடகத்துக்கு ஒரு வீடு அமையவில்லை.

ஆனால் நமது வீடுகளுக்குள் வேறொன்று நடந்தது. வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலா 1572இல் மதுரையில் அரங்கேறியது என்பது இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்குத் தெரிந்ததே. முழுமையாக நமக்குக் கிடைத்திருக்கும் இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் மூத்தது அது. அதன் உருவத்தைப் பாருங்கள்: ஒருவர் கேட்கிறார், மற்றவர் விடை சொல்கிறார். மசலாக்களும் கிஸ்ஸாக்களும் கண்ணால் வாசிக்க மட்டும் எழுதப்பட்டவை அல்ல. ஒரு வீட்டின் மண்டபத்தில் ஒருவர் இராகமிட்டு வாசிக்க, முப்பது நாற்பது பேர் இருந்து கேட்பதற்கானவை. என் உம்மும்மா யூசுப் நபி கிஸ்ஸா வாசிக்கும்போது சகோதரர்கள் பேசுமிடம் வந்தால் குரல் தடிக்கும். யஃகூப் நபி பேசுமிடத்தில் இறங்கிவிடும். கதை சொல்பவரும் அவரே, பாத்திரமும் அவரே. மேடையில்லை, வேஷமில்லை. அதை நாடகம் என்று சொல்லியிருந்தால் அவர் பிரம்பை எடுத்திருப்பார்!

அமெரிக்காவில் ரொபேர்ட் பிறீன் என்ற பேராசிரியர், கதையை முழுக்க உரையாடலாக மாற்றாமல், கதை சொல்லும் குரலையும் மேடையில் வைத்தே நிகழ்த்தும் முறையொன்றை வகுத்து அதற்கு 'சேம்பர் தியேட்டர்' என்று பெயரிட்டார். உம்மும்மாவுக்கு அது புதுச் செய்தியாக இருந்திராது. டில்லியில் கடைசி தாஸ்தான்கோ எனப்பட்ட மீர் பாக்கிர் அலி 1928இல் மறைந்த பின் அற்றுப்போன உருதுக் கதைசொல்லலை, 2005இல் மஹ்மூத் ஃபாரூக்கி மீண்டும் தொடங்கினார். இருவர் வெள்ளை உடுத்து, வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து கதை சொல்கிறார்கள், வேறொன்றும் வேண்டியதில்லை. அதைப் பார்க்கும்போது நமது கிஸ்ஸாவை ஏன் ஒருவரும் இப்படி எடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

ஐரோப்பாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிப் போகிறேன். அது பல நூல்களில் உண்டு. பாரிசில் 1887இல் சுயாதீன அரங்கைத் தொடங்கிய அந்துவான் ஒரு எரிவாயுக் கம்பனியின் எழுதுவினைஞர். தாயின் வீட்டுத் தளபாடங்களைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டுபோய் மேடையில் வைத்தார். காட்சியைப் பொதுவில் விற்காமல் சந்தாக்காரருக்கு மட்டும் காட்டினார். ஆகையால் தணிக்கை அவரைத் தொடவில்லை. பெர்லினில் 1906இல் ரைன்ஹார்ட் பெரிய அரங்குக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய அரங்கைத் திறந்து, 'அறை இசை' என்பதுபோல 'அறை நாடகம்' என்று அதை அழைத்தார். அடுத்த ஆண்டு ஸ்டொக்ஹோமில் ஸ்ட்ரிண்ட்பேர்க்கும் இளம் நடிகர் ஃபால்க்கும் 161 ஆசனங்களோடு தொடங்கிய அந்தரங்க அரங்கு 1910இல் மூடப்பட்டது. சிக்காகோவில் 1912இல் ஒரு கட்டிடத்தின் நாலாம் மாடியில் 91 ஆசனங்களோடு மொறிஸ் பிரௌன் தொடங்கிய 'சிற்றரங்கு' 1917இல் மூடப்பட்டது. அந்தப் பெயர் அமெரிக்கா முழுதும் பரவியது. அறை மட்டும் நிலைக்கவில்லை. இந்த வரலாற்றில் திறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் மூடிய ஆண்டும் வந்துவிடுகிறது. மூன்று வருஷம், ஐந்து வருஷம். எங்கள் கொட்டிலின் ஆயுளை நினைத்தால் அது நீண்ட காலந்தான்.

இனி பம்பாய். இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

1940களில் கொலாபாவில் குல்சும் டெரஸ் என்று ஒரு வீடு. பதம்சீ என்ற கோஜா முஸ்லிம் குடும்பத்தினருடையது. வீட்டின் பெயரே தாயின் பெயர்: குல்சும்பாய். அவருடைய மகன் சுல்தான் பதம்சீ நண்பர்களோடு தியேட்டர் குரூப் என்ற குழுவை நடத்தினார். ஒத்திகை வீட்டிலேதான். சுல்தான் 1946இல் இளவயதிலேயே இறந்துபோனார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் இப்ராஹிம் அல்காஸி. 1925இல் பூனாவில் பிறந்தவர்; தந்தை சவூதி அரேபியாவின் உனைஸாவிலிருந்து வந்த வியாபாரி. வீட்டில் பேசியது அரபு. சுல்தானின் சகோதரி ரோஷனை மணந்தார். அல்காஸியின் நாடகங்களுக்கு உடை அமைத்தவர் ரோஷன்.

அல்காஸி லண்டனில் நாடகம் பயின்று திரும்பி, 1954இல் தியேட்டர் யூனிற் என்ற தமது குழுவைத் தொடங்கினார். பம்பாயில் மண்டபங்கள் இருந்தன, வாடகையும் இருந்தது. ஆகவே தாம் குடியிருந்த கட்டிடத்தின் மொட்டை மாடியை அரங்காக்கினார். பெயர் மேகதூத். ஏறத்தாழ 150 பேர் இருக்கலாம். ஆறு மாடி ஏறித்தான் போக வேண்டும். அப்படி ஏறிப் போய் இப்சனையும் ஸ்ட்ரிண்ட்பேர்க்கையும் கிரேக்க நாடகங்களையும் பார்த்தவர்கள்தான் பிற்கால இந்திய நாடகத்தின் பார்வையாளராகவும் ஆட்களாகவும் ஆனார்கள். 1962இல் அவர் டில்லி தேசிய நாடகப் பள்ளிக்குத் தலைமையேற்றுச் சென்றார். அங்கே பிற்காலத்தில் பழைய கோட்டைகளில் பெரிய காட்சிகள் அமைத்தார் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அங்கேயும் ஒரு மரத்தடியில் திறந்தவெளி அரங்கொன்று அமைத்து, அதற்கும் மேகதூத் என்றே பெயர் வைத்தார் என்பதுதான் என் மனதில் நிற்கிறது. ஒரு அரபு வியாபாரியின் மகன், மொட்டை மாடிக்குக் காளிதாசனின் காவியப் பெயரை வைக்கிறார். 'நாடகம் நமது பண்பாடல்ல' என்று சொல்வோர் இந்த மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்கினால் நல்லது.

அல்காஸி போனபின் சத்யதேவ் துபே தியேட்டர் யூனிற்றை நடத்தினார். இன்னொரு பக்கம் மராத்தி நாடகக்காரர்கள். ஆவிஷ்கார் குழுவுக்குத் தாதரில் சபில்தாஸ் ஆண்கள் பாடசாலையின் மண்டபம் 1974இல் கிடைத்தது. குழுவை நடத்தியவர்களுள் ஒருவரான சுலபா தேஷ்பாண்டே அந்தப் பாடசாலையின் ஆசிரியை. இந்தச் சிறு தகவலை நான் கோடிட்டு வைத்திருக்கிறேன். பெருங்கொடையாளி வரவில்லை, அரசாங்கம் வரவில்லை. படிப்பிக்கிற இடத்தின் மண்டபத்தை மாலை நேரத்தில் ஒரு ரீச்சர் பெற்றுக் கொடுத்தார். மராத்தி பரிசோதனை நாடகத்தின் ஒரு காலகட்டமே அந்தப் பாடசாலைப் பெயரால் 'சபில்தாஸ் இயக்கம்' என்று அறியப்படுகிறது. பிறகு அந்த மண்டபமும் போயிற்று. ஆவிஷ்கார் மாஹிமில் ஒரு நகரசபைப் பாடசாலைக்கு இடம் மாறியது.

இவற்றுள் நிலைத்தது பிருத்வி. நடிகர் பிருத்விராஜ் கபூர் ஊர் ஊராக நாடகக் குழுவோடு அலைந்தவர். ஜுஹுவில் குத்தகை நிலமொன்றில் ஒரு அரங்கு கட்ட நினைத்தார், முடியவில்லை. 1972இல் அவர் இறந்தபின் நிலம் விலைக்கு வந்தது. பிள்ளைகள் அதை வாங்கி, இலாபமற்ற ஒரு நம்பிக்கை நிதியத்தின் பெயரில் வைத்தார்கள். 200 ஆசனங்களோடு 1978 நவம்பர் 5ஆம் திகதி அரங்கு திறந்தது. சஷி கபூரின் மனைவி ஜெனிஃபர் அதை நடத்தினார். மூன்று பக்கமும் பார்வையாளர் இருக்கும் அமைப்பு. அங்கே நஸீருத்தீன் ஷாவும் பெஞ்சமின் கிலானியும் 1979இல் மொற்லி என்ற குழுவைத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் அந்தக் குழு இஸ்மத் சுக்தாயின் கதைகளை ஒரு வரியும் மாற்றாமல், சொல்லியும் நடித்தும் மேடையேற்றியது. கிஸ்ஸாவுக்கு மிக நெருங்கிய உருவம். பிருத்வி இன்றும் நடக்கிறது. காரணம் கலை மேன்மை மட்டுமல்ல. நிலம் எழுத்தில் இருக்கிறது. நமது சமூகத்துக்கு இது புரியாத விஷயமா? வக்பு என்ற சொல்லை அறிந்தவர்கள் நாம். தனியார் நிலத்தை என்றைக்குமாக ஒரு காரியத்துக்கு ஒப்படைத்துவிடும் ஏற்பாடு நமது சட்டத்திலேயே இருக்கிறது. நாடகத்துக்கு வக்பு செய்யச் சொல்கிறான் என்று யாரும் பாய வேண்டாம். ஒரு வாசிப்பு மண்டபத்துக்குச் செய்யலாமே என்பதுதான் என் வாதம். மண்டபத்துக்குள் கிஸ்ஸாவும் வரும்.

இனி இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய கதை.

கல்கத்தாவில் பாதல் சர்க்கார் என்ற நகரத் திட்டமிடல் பொறியியலாளர், 1967இல் சதாப்தி என்ற குழுவை அமைத்தார். முதலில் மேடை நாடகந்தான். பிறகு மேடையையும் திரையையும் விட்டு, ஒரு அறைக்குள் பார்வையாளரை நடிகரோடு கலந்து இருத்தினார். அதற்கு அங்கன் மஞ்ச் என்று பெயர். முற்றத்து மேடை என்று பொருள். வாடகை மேடை, விளக்கு, உடை என்ற செலவெல்லாம் போய்விட்டால் ரிக்கற்றும் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. சனம் விரும்பிப் போடுவதைப் போடட்டும். அவருடைய மிச்சில் (ஊர்வலம்) என்ற நாடகம் 1970களின் நடுவில் வந்தது. 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நாடகக்காரர் பலரை மாற்றியது. 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும் 1978இல் ஞாநி தொடங்கிய பரீக்ஷாவும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்.

ஆனால் மிச்சிலின் ஆச்சரியமான பயணம் தெற்கே அல்ல, மேற்கே. லாகூரில் 1984இல் மதீஹா கௌஹர் என்ற இளம்பெண் அஜோகா என்ற குழுவைத் தொடங்குகிறார். ஜியாஉல் ஹக்கின் இராணுவ ஆட்சி. பொது மேடையில் போட வேண்டுமானால் எழுத்துருவைத் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். அவர் தெரிந்தெடுத்தது எல்லைக்கு அப்பாலுள்ள ஒரு வங்காளி இந்துவின் நாடகத்தை; அதே மிச்சிலின் உருது வடிவம், ஜுலூஸ். மேடை எங்கே? மதீஹாவின் தாயார் கதீஜா கௌஹரின் வீட்டுப் புற்றரை. உம்மாவின் வீட்டு முற்றத்தில் பார்க்க வருகிறவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிக்குத் தணிக்கை இல்லை. பாரிசில் அந்துவான் சந்தாவைக் கொண்டு செய்ததை லாகூரில் ஒரு தாய் விருந்தோம்பலைக் கொண்டு செய்தார். பின்னாளில் லாகூரின் ஜேர்மன் கலாசார நிலையமும் அந்தக் குழுவுக்கு இடம் கொடுத்தது. மதீஹா 2018இல் காலமானார். முற்றத்து மேடை என்று கல்கத்தாவில் வைத்த பெயர், லாகூரில் ஒரு முஸ்லிம் வீட்டு முற்றத்தில் சொல்லுக்குச் சொல் உண்மையானது.

டாக்காவிலும் இப்படி ஒரு கதை உண்டு. அது இன்னும் மூத்தது. மொழிப் போராட்டத்தில் சிறை சென்ற முனீர் சௌத்ரி, டாக்கா மத்திய சிறையில் இருந்தபடி 1953இல் கபர் என்ற நாடகத்தை எழுதினார். சக கைதியான ரணேஷ் தாஸ்குப்தா கேட்டுக்கொண்டபடி எழுதியது. இரவில் விளக்கணைத்த பிறகு லாந்தர் வெளிச்சத்தில் போடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகையால் நாடகமே இரவில், மையவாடியில் நடக்கிறது. அந்த ஆண்டு பெப்ரவரி 21இல் கைதிகள் கைதிகளுக்கு நடித்துக் காட்டினார்கள். சிற்றரங்குகளிலே மிகச் சிறியது அதுவாகத்தான் இருக்கும். இடம் கொடுத்தவன் தான் கொடுத்ததை அறியான். முனீர் சௌத்ரி 1971 டிசம்பர் 14ஆம் திகதி, விடுதலைக்கு இரண்டு நாள் முன்பு, ஏனைய அறிஞர்களோடு கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்.

விடுதலைக்குப் பிறகு 1973இல் நாகரிக் என்ற குழு அலி ஜாக்கேரின் நெறியாள்கையில் ஒரு நாடகத்தைக் கிரமமாக ரிக்கற் விற்று மேடையேற்றியது. பங்களாதேஷில் அந்த வழக்கத்தை ஆரம்பித்தது அந்த நாடகம். அதுவும் பாதல் சர்க்கார் எழுதியதே. அடுத்து வந்த குழுக்களுக்கு வீடாக அமைந்தது பெய்லி வீதியிலுள்ள மஹிளா சமிதி மண்டபம். பெண்கள் சங்கமொன்றின் கட்டிடம். நாடகத்துக்கென்று கட்டியதல்ல. ஆனால் நாடகக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றன. கடைசியில் வீதிக்கே நாடக வீதி என்று பெயர் வந்தது.

குல்சும்பாயின் வீடு, சுலபா ரீச்சரின் பாடசாலை, கதீஜாவின் முற்றம், டாக்காப் பெண்கள் சங்கத்தின் மண்டபம். எழுதிக்கொண்டு போகும்போதுதான் கவனித்தேன். 'நாடகம் என்றால் பெண்கள் எங்கே இருப்பது' என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கையில், கதவைத் திறந்துவிட்டவர்களே பெண்கள்.

நமது நாட்டுக்கு வருவோம். இங்கேயும் 1912ஆம் ஆண்டு முதல் பொது ஆற்றுகைகளுக்கான கட்டளைச் சட்டம் உண்டு. எழுத்துருவைச் சபைக்கு அனுப்ப வேண்டும். கொழும்பில் லயனல் வெண்ட் 1944இல் இறந்தபின் அவருடைய வீடு இருந்த காணியிலேயே அவர் பெயரால் ஒரு நிதியம் அரங்கொன்றைக் கட்டியது, 1953இல் திறக்கப்பட்டது. அது சிற்றரங்கு அல்ல, ஆனால் ஒருவரின் வீடு அரங்கானதற்கு நமது நாட்டு உதாரணம். பொரளையில் நாமெல் வீரமுனியும் மாலினி வீரமுனியும் அமைத்த புஞ்சி தியேட்டரின் பெயரே சிறிய அரங்கு என்பதுதான். பராக்கிரம நிரிஎல்லவும் எச்.ஏ. பெரேராவும் முன்னின்ற ஜனகரலிய, கட்டிடத்தையே கழற்றிப் பூட்டும் கூடாரமாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனது. அதில் சிங்கள, தமிழ் இளைஞர் இருவரும் இரு மொழியிலும் நடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி இல்லாவிட்டால் எங்கள் கொட்டிலுக்கு வந்த அந்த இரு இளைஞருக்கும் நடிப்புப் பழக்கம் வந்திராது. அவர்கள் அதில் படித்தவர்களல்லர். ஆனால் வடக்கின் பாடசாலைகளுக்குள் நாடகம் புகுந்தது அந்த வழியால்தான். அவர்களை வெளியேற்றியவர்கள் இதை எடுத்துவைக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

நம்மவர்க்கு வாய்த்தது வானொலி. முஸ்லிம் சேவையின் நாடகங்களை நாங்கள் சுற்றியிருந்து கேட்டோம். குரல் வந்தது, ஆள் வரவில்லை. ஆகையால் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. அது நல்லதொரு காலம். ஆனால் வானொலி பார்வையாளரை ஓரிடத்தில் சேர்ப்பதில்லை. பின்வரிசையிலிருந்து எழும்பி "பெயின்ற்றால எழுதினது" என்று சொல்ல முடியாது.

மார்க்கக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையல்ல. 1992இல் மூன்றாம் நாள் எங்கள் ஊர் மௌலவி ஒருவர் வந்து கதவடியில் நின்றார். நாங்கள் நடுங்கிப்போனோம். முழுவதும் பார்த்தார். முடிந்ததும், "இசை இல்ல, பொம்புள வேஷம் போடல்ல, பொய்யும் சொல்லல்ல. இதுக்கு ஏன் நாடகம் எண்டு பேர் வெச்சீங்க?" என்றார். அதற்கு நாங்கள் விடை சொல்லவில்லை. அவர் அனுமதி கொடுத்தாரா, கிண்டல் செய்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. எல்லா ஆலிம்களும் அப்படிச் சொல்வார்கள் என்றும் நான் சொல்லவரவில்லை. மறுப்பவர்களின் வாதத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் எங்கள் நாடகத்தை நிறுத்தியது மார்க்கத் தீர்ப்பு அல்ல, இறால் தீவனம். அதை மாற்றி எழுதினால் வரலாறு பிழைத்துவிடும்.

டில்லியில் வீதி நாடகக்காரர் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதலாம் திகதி நடித்துக்கொண்டிருக்கையில் தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். இருபத்துமூன்று வருஷம் கழித்து, 2012இல் அவருடைய ஜன நாட்டிய மஞ்ச் தோழர்கள் ஷாதி காம்பூர் என்ற உழைக்கும் மக்கள் குடியிருப்பில் அவர் பெயரால் ஒரு சிறிய அரங்கைத் திறந்தார்கள். பக்கத்தில் ஒரு புத்தகக் கடை. வீதியில் உயிரைக் கொடுத்தவர்களுக்கும் கடைசியில் ஒரு அறை தேவைப்பட்டது. அதைச் சேர்த்துக்கட்ட அவ்வளவு காலம் பிடித்தது.

1996இல் வெண்புள்ளி நோய் வந்து களப்போரத்து இறால் பண்ணைகள் பல பாழாயின. தீவன மூட்டைகள் போய்விட்டன. கொட்டில் வெறுமையாக நின்றது. ஆனால் அதற்குள் சாவி வைத்திருந்தவர் கட்டாரில், கேள்வி கேட்டவர் புத்தளத்தில் கடை வைத்திருந்தார், நான் பாடசாலையில் உயிரெழுத்துப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இடம் இருந்தபோது ஆள் இல்லை.

சென்ற நோன்புப் பெருநாளைக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டக்காரர் மௌத்தாகிவிட்டார். மகன் இருக்கிறார். கிடுகு போய்த் தகரம் வந்திருக்கிறது. சுவரின் கறுப்பு அப்படியே இருக்கிறது. வந்த விஷயத்தைச் சொன்னேன்: மாதத்தில் ஒரு வெள்ளி இரவு, கிஸ்ஸா வாசிப்பு, சின்னதாக நாடகம், அறுபது பேர், ரிக்கற் இல்லை. அவர் மறுக்கவில்லை. "வாப்பா சும்மாதானே தந்த? நானும் தாறன் சேர்" என்றார். அதுதான் வேண்டாம் என்றேன். சும்மா தந்தது போனமாதிரி இதுவும் போகக்கூடாது. ஒரு ரூபாவாவது வாடகை எழுதி, எத்தனை வருஷம் என்றும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "உம்மாட்டயும் ஒருக்காக் கேக்கணும், காணி அவட பேர்லதான் இருக்கு" என்றார்.

ஐந்து வருஷம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கடதாசி அவருடைய உம்மாவிடம் இருக்கிறது.